ஓபிஎஸ் வைத்து இணைய வகுப்பு: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர்ப் பக்கம் வீட்டிலிருந்தே வகுப்பு எடுப்பவர்கள் இப்போது நிறையப் பேர். பத்தாம் வகுப்புக் கணக்கு ட்யூஷன், வீணை, தேவாரம், கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னுவது, பலகாரம் என்று எல்லாமே இருக்கிறது. மாணவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள். இவர்களுக்காக ஓபிஎஸ் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஓபிஎஸ் என்பது என்ன? கடைசிவரை இலவசம்தானா?

ஓபிஎஸ் ஸ்டுடியோ, கணினியில் நிறுவிக்கொள்ளும் ஒரு மென்பொருள். கேமரா, மைக், படங்கள், திறந்து வைத்திருக்கும் பாடப் பக்கம் எல்லாவற்றையும் ஒரே திரையில் சேர்த்துக் கொடுக்கும். அப்படிச் சேர்த்ததை யூடியூபில் நேரலையாக அனுப்பலாம், ஹார்டு டிஸ்கில் பதிவு செய்யலாம், கூகுள் மீட்டிலோ ஜூமிலோ கேமராவுக்குப் பதிலாகக் கொடுக்கலாம்.

2012இல் ஜிம் பெய்லி என்ற நிரலாளர் இதைத் தொடங்கினார். கணினி விளையாட்டு ஆடுபவர்கள் தங்கள் ஆட்டத்தை ஒளிபரப்பத்தான் முதலில் பயன்படுத்தினார்கள். மெனுவில் பாதி நமக்குச் சம்பந்தமே இல்லாமல் கிடப்பது அதனால்தான், பயப்பட வேண்டாம். ஜிபிஎல் உரிமத்தில் வரும் திறந்த மூல மென்பொருள். சந்தா இல்லை, வீடியோ மூலையில் முத்திரை விழாது, இத்தனை நிமிடம்தான் என்ற கட்டுப்பாடும் கிடையாது.

மீட், ஜூம் இருக்கும்போது இது எதற்கு?

முகத்தைக் காட்டிப் பேசுவது மட்டும்தான் உங்கள் வகுப்பு என்றால் வேண்டாம். நான்கு பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுக்கும் ஒருவர் ஓபிஎஸ் போடச் சொல்லிக் கேட்டார். மீட்டே போதும் என்று சொல்லிவிட்டேன்.

கையையும் முகத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டியவர்களுக்குத்தான் இது தேவை. கணக்கு போடும் நோட்டு பெரிதாகவும் உங்கள் முகம் மூலையில் சின்னதாகவும் தெரிய வேண்டும், வீணையில் இடக்கை மெட்டுகளின் மேல் ஓடுவதையும் வலக்கை மீட்டுவதையும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும், பாடத்தை நல்ல தரத்தில் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறவர்கள் தாராளமாக இறங்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வகுப்பு முடிந்துவிடும். மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். ஓபிஎஸ் வழியாக யூடியூபில் போகும்போது அந்தத் தொல்லை இல்லை.

எங்கிருந்து இறக்குவது?

ஓபிஎஸ்ப்ராஜெக்ட் டாட் காம் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். தேடுபொறியில் தேடினால் சில நேரம் மேலே விளம்பரமாக வருவது போலித் தளமாக இருக்கும், அதில் வைரஸ்தான் வரும். காசு கேட்டாலும் அது ஓபிஎஸ் இல்லை.

என்னிடம் பழைய லேப்டாப்தான் இருக்கிறது. ஓடுமா?

2022இல் வந்த 28ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டிலும் ஓபிஎஸ் ஓடாது. அவற்றுக்கான கடைசிப் பதிப்பு 27.2.4. விண்டோஸ் 10 அல்லது 11, 8 ஜிபி ராம், ஐ3 அல்லது அதற்கு மேற்பட்ட ப்ராசசர் இருந்தால் வகுப்பு எடுக்கத் தாராளம். லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும்.

பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினியைக் கொண்டுவந்து பலர் கேட்கிறார்கள். 2 ஜிபி ராம் வைத்த பழைய வகை என்றால் முயற்சி செய்ய வேண்டாம். திணறித் திணறி நின்றுவிடும். அதைவிட உங்கள் போனிலேயே வகுப்பு எடுப்பது மேல்.

சுமாரான கணினியில் செட்டிங்ஸ் போய் வீடியோ அளவை 1280க்கு 720 என்றும், நொடிக்கு 30 ஃபிரேம் என்றும் வையுங்கள். மாணவர்கள் பார்ப்பது கையகலப் போனில், 1080 வைத்தாலும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கீழே "என்கோடிங் ஓவர்லோடட்" என்று எச்சரிக்கை வந்தால் அவுட்புட் பகுதியில் என்கோடரை ஹார்டுவேர் வகைக்கு மாற்றிப் பாருங்கள். இன்டெல் கணினிகளில் குவிக் சிங்க் என்று இருக்கும்.

சீன், சோர்ஸ் என்கிறார்களே, ஒன்றும் புரியவில்லை.

சோர்ஸ் என்பது ஒவ்வொரு பொருளும்: ஒரு கேமரா, ஒரு படம், ஒரு மைக், ஒரு ஜன்னல். சீன் என்பது அந்தப் பொருள்களை அடுக்கி வைத்த ஒரு காட்சி. பட்டியலில் மேலே இருக்கும் சோர்ஸ் திரையில் முன்னால் நிற்கும். முகம் காணாமல் போய்விட்டது என்று போன் வந்தால் பத்தில் ஒன்பது தடவை அது பாடப் பக்கத்துக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும்.

மூன்று சீன் போதும். முகம் மட்டும், நோட்டு பெரிதாக முகம் மூலையில், "ஐந்து நிமிடத்தில் தொடங்கும்" என்று எழுதிய ஒரு படம். பன்னிரண்டு சீன் செய்து வைத்து, வகுப்பு நடுவே எது எங்கே என்று தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செட்டிங்ஸில் ஹாட்கீஸ் பகுதிக்குப் போய் ஒவ்வொரு சீனுக்கும் ஒரு விசையைக் கொடுத்துவிடுங்கள், மௌஸைத் தேட வேண்டியதில்லை.

எழுதிக் காட்ட பென் டேப்லட் வாங்க வேண்டுமா?

வாங்காதீர்கள், முதலில் போனை வைத்துப் பாருங்கள். ட்ராய்டுகேம் போன்ற இலவசச் செயலியைப் போனிலும், அதன் ப்ளக்இன்னை ஓபிஎஸ்ஸிலும் போட்டால் போன் கேமரா ஒரு சோர்ஸாக வந்து நிற்கும். வைஃபையிலும் வரும், ஆனால் யூஎஸ்பி கேபிளில் இணைப்பதுதான் நல்லது. படம் தாமதமாகாது, சார்ஜும் ஏறும். போனை நோட்டுக்கு நேர் மேலே, கீழ்நோக்கிப் பார்க்கும்படி ஸ்டாண்டில் மாட்டுங்கள். காகிதமும் பேனாவும் போல விரைவாகக் கை ஓடும் கருவி எதுவும் இல்லை. டேப்லட்டில் எழுதிப் பழகவே மாதக் கணக்காகும், அதுவரை பிள்ளைகள் உங்கள் கோணல் எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

ஸ்டாண்ட் எதிர்ப்பக்கம் நின்றால் நோட்டு தலைகீழாகத் தெரியும். அந்தச் சோர்ஸின் மேல் வலது கிளிக் செய்து, ட்ரான்ஸ்ஃபார்ம் என்பதில் 180 டிகிரி திருப்பிவிடுங்கள்.

கைவேலை சொல்லிக் கொடுப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கொட்டான் பின்னும்போது எந்த ஓலை மேலே போகிறது, எது கீழே நுழைகிறது என்பதுதான் பாடமே. எதிரே கேமரா இருந்தால் மாணவிக்கு இடம் வலமாகத் தெரியும், அவர் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பின்ன வேண்டியிருக்கும். தோளுக்கு மேலிருந்து, நீங்கள் பார்க்கிற கோணத்திலேயே கேமரா பார்க்கட்டும். புதுவயலில் ஒரு ஆச்சி இப்படி மாற்றிய பிறகு, "எந்தப் பக்கம், எந்தப் பக்கம்" என்ற கேள்வியே நின்றுவிட்டது என்றார். இன்னொன்று, ஓலை வெளுப்பாக இருப்பதால் வெள்ளை மேசையில் ஓரம் தெரியாது. அடர்நிறத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். கண்டாங்கிச் சேலையையே விரித்தால் பார்க்க அழகுதான், ஆனால் கட்டமும் பின்னலும் ஒன்றோடொன்று குழம்பும்.

பலகார வகுப்பென்றால் அடுப்புக்கு நேர் மேலே போனை மாட்டாதீர்கள். கந்தரப்பம் இரண்டு ஈடு எடுப்பதற்குள் லென்ஸில் எண்ணெய்ப் படலம் படிந்துவிடும். பக்கவாட்டில் சாய்வாக, சட்டிக்குள் தெரியும் உயரத்தில் வையுங்கள்.

குரல் எதிரொலிக்கிறது என்கிறார்கள். நல்ல மைக் எது?

மைக்குக்கு முன்னால் இடத்தைச் சொல்கிறேன். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் படம் அருமையாக வரும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை எல்லாமே ஒலியைத் திருப்பி அடிப்பவை. அது போதாதென்று வானம் பார்த்த முற்றத்துக் காக்கையும் மழையும் வேறு.

சின்ன அறைக்குள் போய்விடுங்கள். மெத்தை, துணி பீரோ, திரைச்சீலை உள்ள அறை சிறந்தது. தரையில் ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிட்டால் பாதி எதிரொலி போய்விடும். கேமராவில் பின்னால் அழகு வேண்டுமென்றால் வளவைப் போட்டோ எடுத்து ஒரு பட சோர்ஸாக வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பின்னால் பச்சைத் துணி கட்டி, கேமராவுக்கு க்ரோமா கீ ஃபில்டர் போட்டால் அந்தப் படம் பின்னால் வந்துவிடும்.

மைக்கைப் பொறுத்தவரை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தால், நான்கடி தள்ளி வைத்த விலையுயர்ந்த மைக்கைவிட நன்றாகக் கேட்கும். கையில் காசு இருந்தால் கேமராவுக்குச் செலவழிக்காமல் இதற்குச் செலவழியுங்கள். படம் மங்கினால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் புரியாவிட்டால் போய்விடுவார்கள். ஓபிஎஸ்ஸின் ஆடியோ மிக்சரில், நீங்கள் வழக்கமான குரலில் பேசும்போது பட்டை மஞ்சளுக்குள் வந்து போக வேண்டும். சிவப்பைத் தொட்டால் சத்தம் பிசிறடிக்கும். மின்விசிறி இரைச்சலுக்கு, அந்த மைக்கின் ஃபில்டர்ஸில் நாய்ஸ் சப்ரஷன் சேர்த்து ஆர்என்நாய்ஸ் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

நான் வீணை சொல்லித் தருகிறேன். என் குரல் கேட்கிறது, வீணை மட்டும் விட்டு விட்டு வருகிறதே?

மேலே சொன்ன அதே ஃபில்டர்தான் காரணம். மனிதப் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வெட்டுவது அதன் வேலை. தந்தி நீண்டு ஒலித்து அடங்கும் கார்வையும் சுருதிப் பெட்டியும் அதற்கு மின்விசிறி மாதிரியே. பாட்டு, வீணை, நாகஸ்வரம், தவில் எதுவானாலும் அந்த ஃபில்டரை எடுத்துவிட்டு, வகுப்பு முடியும் வரை மின்விசிறியை நிறுத்தி வையுங்கள். வெயில் காலத்தில் சிரமம்தான், வேறு வழியில்லை.

ஜூமில் எடுப்பவர்கள் அங்கேயும் ஒன்று செய்ய வேண்டும். ஆடியோ அமைப்பில் இசைக் கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்ட் என்ற வசதி இருக்கிறது, அதை இயக்குங்கள். இல்லையென்றால் ஓபிஎஸ் விட்டதை ஜூம் வெட்டும்.

மீட்டில் என் படம் வருகிறது, ஓபிஎஸ்ஸில் போட்ட ஒலி வரவில்லை.

வராது. ஓபிஎஸ்ஸில் "ஸ்டார்ட் விர்ச்சுவல் கேமரா" அழுத்தினால் படம் மட்டும்தான் மீட்டுக்கோ ஜூமுக்கோ போகும். 2020இல் வந்த 26ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, ஆனால் ஒலியை அது கொண்டுபோவதில்லை. மீட்டின் அமைப்பில் கேமராவுக்கு ஓபிஎஸ்ஸையும், மைக்குக்கு உங்கள் மைக்கையே நேரடியாகவும் தேர்ந்தெடுங்கள். பதிவு செய்த பாட்டை ஓட்டிக் காட்ட வேண்டுமானால், ஒலியோடு சேர்த்து டேபைப் பகிரும் மீட்டின் வசதியே சுலபம்.

கேமராப் பட்டியலில் ஓபிஎஸ் தென்படவே இல்லை என்றால் வரிசை மாறியிருக்கும். முதலில் விர்ச்சுவல் கேமராவை இயக்கிவிட்டு, அப்புறம் ஜூமையோ பிரவுசரையோ திறங்கள்.

என் திரையில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாக இருக்கிறதே?

உங்களுக்கு மட்டும்தான் அப்படி. மாணவர்களுக்குச் சரியாகத்தான் தெரியும். கோபத்தில் ஓபிஎஸ்ஸில் திருப்பிவிடாதீர்கள், அப்போதுதான் அவர்களுக்குத் தலைமாறும்.

உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகிறது.

வைஃபை வழியாக வரும் போன் கேமராவில் படம் கொஞ்சம் பிந்தும். ஒரு பதிவை ஓடவிட்டு, கேமரா முன் ஒருமுறை கை தட்டுங்கள். பதிவைப் பார்த்தால் சத்தம் எவ்வளவு முந்துகிறது என்று தெரியும். மிக்சரில் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ் போய், சிங்க் ஆஃப்செட்டில் 200 மில்லிசெகண்ட் கொடுத்துப் பாருங்கள், பிறகு கூட்டியோ குறைத்தோ ஒட்ட வையுங்கள். மீட், ஜூமில் மைக் நேரடியாகப் போவதால் அங்கே இது பலிக்காது, கேபிளில் இணைப்பதுதான் மருந்து.

தமிழில் தலைப்பு போட்டால் எழுத்து பிய்ந்து தெரிகிறது.

ஓபிஎஸ்ஸில் இரண்டு வகை எழுத்து சோர்ஸ் உண்டு. ஃப்ரீடைப் 2 என்பதில் தமிழின் கொம்பும் காலும் ஒட்டாது, "கொட்டான்" என்று அடித்தால் கொம்பு தனியே நிற்கும். விண்டோஸில் ஜிடிஐ பிளஸ் என்ற வகையை எடுத்து, நிர்மலா அல்லது லதா எழுத்துருவைப் போடுங்கள். அதைவிடச் சுலபமாக, தலைப்பை லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரஸ் போன்ற ஒன்றில் செய்து படமாகச் சேமித்து, பட சோர்ஸாக வைத்துவிடலாம். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு உங்கள் போனில் பார்த்துத் தீர்மானியுங்கள், கணினித் திரையில் பார்த்து இல்லை.

வகுப்பை யூடியூபில் நடத்துவதா, மீட்டிலா?

கேள்வி கேட்டு, பதில் வாங்கி, "எங்கே நீ சொல்லு" என்று நடத்துபவர்களுக்கு மீட். யூடியூபில் நீங்கள் பேசியது மாணவரை அடையச் சில நொடிகள் ஆகும். லேட்டன்சியைக் குறைந்த அளவில் வைத்தாலும் ஐந்து பத்து நொடி இடைவெளி இருக்கும், கேள்வியும் பதிலும் தடம் புரளும். ஐம்பது, நூறு பேருக்கு ஒரே பாடத்தை விளக்கிவிட்டு, பிறகு அவர்கள் திரும்பப் பார்க்கட்டும் என்றால் யூடியூப்.

புதுச் சேனலில் நேரலையை இயக்கப் போன் எண்ணைச் சரிபார்த்த பிறகு 24 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை வகுப்பென்றால் வியாழக்கிழமையே அந்த வேலையை முடியுங்கள். "குழந்தைகளுக்கானது" என்று குறித்தால் நேரலை அரட்டை மூடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். யூடியூப் கொடுக்கும் ஸ்ட்ரீம் கீ என்பது உங்கள் சேனலின் சாவி. அதைத் திரையில் காட்டிவிட்டால் உடனே ரீசெட் செய்யுங்கள்.

எவ்வளவு நெட் வேகம் வேண்டும்? எங்கள் வீட்டில் வைஃபை உள் கட்டுக்கு வருவதே இல்லை.

720க்கு 2500 கேபிபிஎஸ் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) போதும். அதற்கு இரு மடங்காவது, அதாவது 5 எம்பிபிஎஸ் அப்லோடு வேகம் இருந்தால் நிம்மதி. பலர் டவுன்லோடு வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுகிறார்கள். ஒரு மணி நேர நேரலைக்கு உங்களுக்கு ஏறக்குறைய 1.2 ஜிபி செலவாகும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டு எடுப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு இந்தக் கவலை குறைவு, யூடியூபில் 360 வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.

ரவுட்டர் முகப்பில் இருக்கும், வகுப்பு இரண்டாம் கட்டில் நடக்கும். நடுவில் நம் பாட்டன் காலத்துக் கனமான சுவர்கள் நான்கைந்து. வைஃபைக்கு அங்கே வழியில்லை. வைஃபை எக்ஸ்டென்டர் வாங்கிக் காசைக் கரைக்காமல், லேன் கேபிளை வளவு ஓரமாக இழுத்து லேப்டாப்பில் செருகிவிடுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாக இழுக்கலாம், எவ்வளவு நீளமான வீடானாலும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். சுவரைத் துளைக்க மனம் வராதவர்கள் கதவு நிலை ஓரமாகக் கொண்டுபோகிறார்கள்.

நெட் தடுமாறும்போது தானாகப் பிட்ரேட்டைக் குறைத்துக்கொள்ளும் வசதி செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் இருக்கிறது. அதை டிக் செய்து விடுங்கள்.

நடுவில் கரண்ட் போனால்?

லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர்தான் நின்றுபோகும். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சார வாரியம் அறிவிக்கும் நாளில் பகல் வகுப்பு வைக்காதீர்கள்.

பதிவைப் பொறுத்தவரை, ரெக்கார்டிங் வடிவத்தை எம்கேவி என்று வையுங்கள். பழைய வகை எம்பி4இல் பதிவாகும்போது கணினி திடீரென்று அணைந்தால் முழுக் கோப்பும் திறக்காமல் போய்விடும். எம்கேவியில் அதுவரை எடுத்தது தப்பிக்கும். வகுப்பு முடிந்ததும் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது. புதிய பதிப்புகளில் உள்ள ஹைப்ரிட் எம்பி4உம் இப்படித் தாங்கும்.

என் திரையைக் காட்டும்போது வாட்ஸ்அப் செய்தியெல்லாம் தெரிந்துவிடுகிறது.

டிஸ்ப்ளே கேப்சர் வைத்திருப்பீர்கள், அது திரை முழுவதையும் எடுக்கும். வங்கி ஓடிபி வந்தால் அதுவும் போகும். விண்டோ கேப்சர் எடுத்து, பாடம் உள்ள ஜன்னலை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பிள்ளைகள் முகம் பதிவாகலாமா?

பெற்றோரிடம் கேட்காமல் கூடாது. மீட் ஜன்னலையே ஓபிஎஸ்ஸில் எடுத்துப் பதிவு செய்தால் எல்லோருடைய முகமும் வந்துவிடும். உங்கள் கேமராவையும் நோட்டையும் மட்டும் பதிவு செய்யுங்கள். யூடியூபில் "அன்லிஸ்டட்" என்று போட்டாலும் சுட்டி கிடைத்த யாரும் பார்க்கலாம். குடும்பக் குழுவில் பகிர்ந்த சுட்டி எங்கெங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வகுப்புக்கு முன்னால் சினிமாப் பாட்டு போடலாமா?

யூடியூபில் வேண்டாம். பாட்டின் உரிமையாளர் கோரிக்கை வரும், நேரலையே நிற்கவும் கூடும். அந்தக் காத்திருப்பு நேரத்துக்கு நீங்களே வீணையில் வாசித்துப் பதிந்த நான்கு நிமிடம் போதும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எந்த நேரம் வைப்பது?

சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். நமக்கு மாலை 6 என்றால் அங்கே இரவு 8:30, சின்னப் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். 4 மணிக்கு வைத்தால் அங்கே 6:30, அது தோது. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு நம் சனிக்கிழமை மாலை 6:30, அங்கே கோடையில் காலை 9, குளிர்காலத்தில் காலை 8. நவம்பரிலும் மார்ச்சிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரம் மட்டும் முதல் நாளே குழுவில் ஒரு செய்தி போட்டுவிடுங்கள், நம் நேரத்தையும் அவர்கள் நேரத்தையும் சேர்த்து.